ஆவாரம்பாளையத்தில் ஒரு நாலரை அடி லேத்

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வாங்குவதற்காகக் கரூரில் விடிகாலை கோவை பஸ் ஏறினேன். காங்கயம் பக்கம் வரும்போது களங்களில் கொப்பரையை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தார்கள். பல்லடம், சூலூர் தாண்டி சிங்காநல்லூரில் இறங்கியபோது மணி எட்டரை. பையில் ஒரு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், அப்புறம் 25 மி.மீ. இரும்பு ராடு ஒரு துண்டு. லேத் பார்க்கப் போகிறவன் கையில் ராடு இருக்க வேண்டும் என்று எங்கள் தெருக் கடைசல் பட்டறைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பாவின் பழைய ஆயில் இன்ஜினைப் பிரித்து ஷெட்டில் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு வேண்டிய புஷ்களை (தண்டைத் தாங்கும் உலோக வளையங்களை) என் கையாலேயே கடைய வேண்டும் என்று ஆசை. முதலில் மேஜை மேல் வைக்கிற மினி லேத்தைத்தான் யோசித்தேன். நாற்பது கிலோ சொச்சம்தான் எடை, வீட்டுக் கரண்டில் ஓடும். சின்னப் பித்தளை வேலைக்கு அருமையான மெஷின். ஆனால் கனமான வார்ப்பிரும்பைக் கொடுத்தால் வெட்டும் டூல் அதிரும், கடைந்த இடம் வரிவரியாக நிற்கும். என் வேலைக்கு எடையுள்ள மெஷின்தான் சரி.

அதற்குக் கோவையை விட்டால் வேறு எங்கே போவது? 1937-ல் ஜி.டி. நாயுடுவும் தொழிலதிபர் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். மோட்டார், பம்பு, கிரைண்டர் என்று இங்கே எதைச் செய்தாலும் உள்ளே சுழல ஒரு ஷாஃப்ட், அதாவது தண்டு, கடைந்தாக வேண்டும். கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் நடந்தால் கட்டிங் ஆயில் வாசனை கூடவே வருகிறது.

முதலில் பார்த்தது பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்த லேத். ராடைக் கவ்விச் சுழற்றும் சக் பக்கத்தில், டூலைத் தாங்கி நகரும் கேரேஜை நிறுத்தி, லேசாக இறுக்கமாகும்வரை அதன் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் திருகை முடுக்கினேன். அப்படியே எதிர் முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்தினால் பாதி வழியில் கல்லாக நின்றுவிட்டது. முப்பது வருஷமாகக் குட்டை ஷாஃப்டுகளையே கடைந்திருக்கிறார்கள். சக்கை ஒட்டிய ஓர் அடியில் மட்டும் கேரேஜ் ஓடும் பெட் தேய்ந்து போயிருக்கிறது; தேயாத இடத்துக்கு வந்ததும் இறுகிவிட்டது. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் இருக்கும் ஆட்டம் கன்மெட்டல் நட் மாற்றினால் போய்விடும், பேரிங் மாற்றலாம், சக்கும் புதிதாக வாங்கலாம். பெட் தேய்ந்தால் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவில் லேத் விலையே போய்விடும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது பட்டறையில் முழுக்க கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின்களுக்கு மாறிவிட்டார்கள். மூலையில் நாலரை அடி பெல்ட் லேத் ஒன்று கிரீஸும் தூசியுமாக நின்றது. முதலாளிக்கு எழுபது வயதிருக்கும்.

“பெயிண்ட் அடிச்சு வெக்கலீங்க தம்பி. இருக்கறபடியே பாத்துக்குங்க. ஓட்டியே பாருங்க.”

இங்கே கேரேஜ் கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனது. ராடை 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, இரண்டு முறை மெல்லிசாகக் கடைந்தேன். நீல நிறத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஆறியதும் மைக்ரோமீட்டர் வைத்தால் இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.02 மி.மீ. பழைய மெஷினுக்கு எனக்கு இது தாராளம்.

மோட்டார் த்ரீ பேஸ். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. ஒன்று வாங்கி, மோட்டாரின் ஸ்டார் இணைப்பை டெல்டாவாக மாற்றிவிட்டால் ஓடும் என்று அவரே டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டினார். அப்புறம் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, மரை வெட்டும்போது மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்களுக்குள் துழாவி, இருப்பதிலேயே பெரிய கியரை எடுத்துத் துடைத்தார். 127 பல்.

“லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்குங்க. இதைத் தொலைச்சுட்டா மில்லிமீட்டர் மரையைக் கச்சிதமா வெட்ட முடியாது.”

மரை வெட்டும்போது கேரேஜை இழுத்துப் போகும் நீளத் திருகுதான் லீட் ஸ்க்ரூ. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்க வேண்டும், வருவது 127. புத்தகத்தில் படித்திருந்தேன். கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் மனதில் உட்கார்ந்தது.

விலை படிந்தது. சாயங்காலம் குட்டியானை வந்தது. டெயில் ஸ்டாக்கைக் கழற்றி, லீட் ஸ்க்ரூவில் கயிறு படாமல் பெட்டில் மட்டும் பெல்ட் கட்டி, செயின் பிளாக்கில் தூக்கி ஏற்றினார்கள். பெரியவர் கடைசி முடிச்சுவரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். நான் டிரைவர் பக்கத்தில், அந்தக் கியரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கரூர் வந்தேன்.