கரண்ட் மந்திரி யாருன்னு அம்மா கேட்டாங்க

போன வாரம் கேஸ் பில் வந்துச்சு. வழக்கமா ஆட்டோ பே-ல போயிரும், நான் பிரிச்செல்லாம் பாக்க மாட்டேன். இந்த தடவ தொகை கொஞ்சம் ஜாஸ்தியா தெரிஞ்சதால உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சேன். நடுவுல ஒரு வரி, 'கஸ்டமர் ரேட் ரிலீஃப்'னு. நிவாரணமாம். நிவாரணம்னா நமக்கு யாராச்சும் குடுக்கறதுன்னு தானே இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்தோம், இது நாம கட்டறது. 2021 பிப்ரவரில டெக்சாஸே உறைஞ்சு கிடந்த அந்த வாரத்தோட பாக்கி.

அப்போ நாங்க டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல ஒரு வாடகை வீட்ல இருந்தோம். அம்மாவும் கூட இருந்தாங்க, கோவிட்னால ஊருக்குத் திரும்ப முடியாம மாட்டிக்கிட்டாங்க. 15ஆம் தேதி திங்கக்கிழமை விடியக்காலம் ரெண்டு மணி இருக்கும், கரண்ட் போச்சு. நமக்கு என்ன, கேஸ் ஹீட்டர் தானேன்னு நான் பாட்டுக்கு போர்வைய இழுத்து மூடிட்டேன். கேஸ் ஹீட்டரா இருந்தாலும் சூட்டை ரூமுக்குத் தள்ளற ப்ளோயர் ஓட கரண்ட் வேணும்னு அன்னைக்கு காலைல பல் கிடுகிடுன்னு அடிக்கும்போது தான் உறைச்சுச்சு. மறுநாள் டல்லாஸ் ஏர்போர்ட்ல மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். ஜன்னல் ஓரமா அம்மா வச்சிருந்த சொம்புத் தண்ணில பால் ஆடை மாதிரி மேல ஐஸ் கட்டியிருந்துச்சு, விரலால குத்திப் பாத்துட்டு அப்படியே வச்சுட்டாங்க. அடுப்பு மட்டும் எரிஞ்சுது, அதுவும் சாயங்காலம் ஆக ஆக விளக்குத் திரி அளவுக்கு சுருங்கிடுச்சு, தயவுசெஞ்சு கேஸை சிக்கனமா பயன்படுத்துங்கன்னு போன்ல மெசேஜ் வேற. நாலு பேரும் ஒரே ரூம்ல மெத்தையப் போட்டு கிடந்தோம்.

அப்போ தான் அம்மா கேட்டாங்க, "ஏப்பா, இந்த ஊர்ல கரண்ட் மந்திரி யாரு?"

மதுரைல 2008லேர்ந்து பவர் கட்லயே குடித்தனம் நடத்துனவங்க. அங்க கரண்ட் போனா அடுத்த நிமிஷம் மின்துறை அமைச்சர் பேரு தெருவுக்கே கேக்கும். எனக்கு பதில் தெரியல. ஆறு வருஷம் இந்த ஊர்ல வரி கட்டியிருக்கேன், யாரத் திட்டணும்னு தெரியல.

கவர்னர் கிரெக் அபாட்ட திட்டலாம்னா, அவர் 16ஆம் தேதி டிவில வந்து கரண்ட் எடுக்கற காத்தாடி மேலயும் சோலார் மேலயும் பழியப் போட்டுட்டார். காத்தாடியும் உறைஞ்சது நெஜம் தான், ஆனா பெரிய ஓட்டை கேஸ்ல. அது எப்படின்னா, கிணத்துல இருந்து வர்ற கேஸ் ஈரத்தோட தான் வரும், கடுங்குளிர்ல கிணத்து வாயிலயே ஐஸ் அடைச்சுக்கும். கூட வர்ற தண்ணிய லாரில ஏத்திட்டுப் போகணும், ரோடெல்லாம் ஐஸ்ல லாரி எங்க வரும்? கேஸ் வரத்து குறைய குறைய, கேஸ்ல ஓடற கரண்ட் ஸ்டேஷன் நிக்குது. ஸ்டேஷன் நிக்கவும் ஏரியா ஏரியாவா கரண்டை வெட்றாங்க, வெட்டும்போது கேஸ் கம்ப்ரஸருக்குப் போற லைனையும் சேத்தே வெட்டிட்டாங்க! அதனால கேஸ் இன்னும் குறையுது. ஏன் வெட்டினாங்கன்னா, இது கேஸ் சப்ளை பண்ற இடம், இங்க கை வைக்காதேன்னு ஒரு ஃபாரம் கொடுக்கணும், அத நிறைய பேர் குடுக்கவே இல்ல. டல்லாஸ் பக்கம் லைன் வச்சிருக்கற பெரிய கம்பெனியோட லிஸ்ட்ல அப்படி இருந்தது மொத்தமே 35 இடம், அந்த வாரத்துக்குள்ள அவசர அவசரமா 168 இடத்த சேத்தோம்னு அதோட தலைவரே சட்டசபைல சொன்னார்.

மொத்தம் 45 லட்சம் வீடு கடைங்க இருட்டுல. டெக்சாஸ் கிரிட்ட, அதாவது மாநிலத்தோட மொத்த கரண்ட் வலைய, நடத்தற எர்காட், இன்னும் 4 நிமிஷம் 37 செகண்ட் போயிருந்தா மொத்த கிரிட்டும் விழுந்திருக்கும்னு பின்னாடி சொன்னாங்க, விழுந்திருந்தா தூக்கி நிறுத்த வாரக்கணக்கு, ஏன் மாசக்கணக்கே ஆகியிருக்கலாமாம். செத்தவங்க 246 பேர்னு மாநில அரசு கணக்கு, அதுல பாதிக்கு மேல குளிர்லயே விறைச்சு செத்தவங்க. உண்மைல இன்னும் நிறையன்னு சொல்றவங்க உண்டு.

இதுல எனக்கு ஆறவே ஆறாதது என்னன்னா இது புதுசு இல்ல. 2011 பிப்ரவரிலயும் இதே மாதிரி, இதே டெக்சாஸ், கேஸ் கிணறு உறைஞ்சு, கேஸ் சப்ளை பண்ற இடத்துக்கே கரண்டை வெட்டி. அமெரிக்க மத்திய அரசோட எரிசக்தி ஆணையம், ஃபெர்க்னு பேரு, அப்பவே பெரிய ரிப்போர்ட் போட்டு, குளிருக்குத் தாங்கற மாதிரி எல்லாத்தையும் மூடிக்கட்டுங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. கட்டாயம் இல்லன்னு விட்டுட்டாங்க. பத்து வருஷம்.

சரி, யார் வீட்டுக்குப் போனாங்க? எர்காட் தலைவர் பில் மேக்னஸ தூக்கினாங்க. கரண்டை கண்காணிக்கற பியூசில மூணு கமிஷனரும் ஒரே மாசத்துல ராஜினாமா. பரவால்லயேன்னு தோணும். ஆனா கேஸை கண்காணிக்கறது இவங்க யாரும் இல்ல, அதுக்குப் பேரு ரயில்ரோடு கமிஷன். 1891ல ரயிலுக்குன்னு ஆரம்பிச்சது, இப்போ ரயிலோட ஒரு சம்பந்தமும் கிடையாது, எண்ணெயும் கேஸும் தான் வேலை, பேரை மட்டும் மாத்தல. மாத்தினா ஜனங்களுக்கு புரிஞ்சுரும்ல! மூணு கமிஷனர், மூணு பேரையும் மாநிலமே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குது, எலெக்‌ஷன் செலவுக்கு எண்ணெய் கேஸ் கம்பெனிங்க கிட்டயே பணம் வாங்கிக்கலாம், அதுக்கு சட்டத்துல தடை இல்ல. தலைவரா இருந்த கிறிஸ்டி கிராடிக் விசாரணைல வந்து, கேஸ்காரங்க மேல தப்பு இல்ல, கரண்டை வெட்டினது தான் பிரச்சினைன்னாங்க. வெட்டினது தப்பு தான்மா, ஆனா 15ஆம் தேதிக்கு பல நாள் முன்னாடியே உற்பத்தி சரிய ஆரம்பிச்சிருச்சே? மூணு பேர்ல யாரும் பதவிய விட்டுப் போகல. வேய்ன் கிறிஸ்டியன் 2022ல திரும்ப ஜெயிச்சார், கிராடிக் 2024ல.

2021லயே சட்டம் போட்டாங்க, கரண்ட் ஸ்டேஷனை சீக்கிரமா சரி பண்ண வச்சாங்க, அத ஒத்துக்கணும், 2024 ஜனவரி குளிர்ல எங்களுக்கு கரண்ட் போகல. கேஸ் பக்கம் மட்டும் மாட்டு வண்டி வேகம். நாங்க அவ்ளோ முக்கியமான இடம் இல்லன்னு கேஸ் கம்பெனிங்க எழுதிக் குடுத்து 150 டாலர் கட்டினா விலக்கு வாங்கிக்கற மாதிரி விதி எழுதினாங்க, செனட்டர்களே கத்தின அப்புறம் தான் அத கொஞ்சம் இறுக்கினாங்க. குளிருக்கு மூடிக்கட்டணும்ங்கற விதி வந்தது 2022 ஆகஸ்ட்ல.

கோர்ட்டும் இருக்கு. எர்காட் அரசாங்கத்தோட அங்கம் மாதிரி, அது மேல கேஸ் போட முடியாதுன்னு டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லிடுச்சு. (இந்த 'கேஸ்' வேற கேஸ்.)

இப்போ அந்த பில் வரிக்கு வரேன். வழக்கமா யூனிட் மூணு டாலருக்குள்ள விக்கிற கேஸ் அந்த வாரம் நூத்துக்கணக்குல போச்சு. கேஸ் வச்சிருந்தவங்களுக்கு அது தீபாவளி, ஒரே ஒரு பைப்லைன் கம்பெனிக்கு மட்டும் 240 கோடி டாலர் கெடச்சுது. வீட்டுக்கு சப்ளை பண்ற கம்பெனிங்க அந்த விலைக்கு வாங்கிக் குடுத்தாங்க, அந்தக் கடனை ஒரேயடியா நம்ம தலைல கட்டினா அலறுவோம்னு, அரசு ஒரு அமைப்ப வச்சு 2023ல சுமார் 350 கோடி டாலருக்கு பாண்ட், அதான் கடன் பத்திரம், வித்து அடைச்சிருக்கு. அந்த பாண்டுக்கான தவணை தான் நிவாரணம்ங்கற பேர்ல பில்லுல வருது. எரிக்கிற அளவுக்கு ஏத்த மாதிரி ஏறும், அதனால குளிர்காலத்துல ஜாஸ்தி.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு இதச் சொன்னேன். கரண்ட் மந்திரி இல்லம்மா, மூணு பேர் இருக்காங்க, ரயில்ரோடு கமிஷன்னு பேருன்னேன். ரயிலுக்கும் கேஸுக்கும் என்னடா சம்பந்தம்னாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்.

"சரி, நீ அவங்களுக்கு ஓட்டுப் போட்டியா?"

நான் எச்1பி விசால இருக்கேன், கிரீன் கார்டு வரிசைல எத்தனையாவது ஆளுன்னு எனக்கே தெரியாது. எனக்கு ஏதும்மா ஓட்டுன்னேன். பில்லு மட்டும் எப்படி வருதுன்னு கேட்டுட்டு, சாப்டியான்னு பேச்ச மாத்திட்டாங்க. நேத்து காலைல பாத்தா பில்லுக்கான பணம் அக்கவுண்ட்ல இருந்து போயிருக்கு.