உருக்காலையின் பெயர்

ஜனவரி பிறந்தால் கணபதி, பீளமேடு, அரசூர் பக்கத்துப் பட்டறைகளின் பர்ச்சேஸ் மேசைக்கு ஓர் எக்ஸெல் கோப்பு வந்துவிடும். சிஎம்ஆர்டி என்பார்கள், சண்டைக்குப் பணம் தரும் கனிமங்கள் நம் சரக்கில் உண்டா என்று கேட்கும் படிவம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள், தங்கள் பொருளில் உள்ள வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் எங்கிருந்து வந்தன என்று மே 31க்குள் கணக்குக் காட்ட வேண்டும். 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு அது; காங்கோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் கனிமப் பணம் ஆயுதக்குழுக்களுக்குப் போகக் கூடாது என்பதற்காக வந்தது. அவர்கள் தங்களுக்குச் சரக்குக் கொடுப்பவரைக் கேட்க, அவர் தனக்குக் கொடுப்பவரைக் கேட்க, கேள்வி கோயம்புத்தூர் வந்து சேர்கிறது.

"ஏனுங்க, நாம பம்புதானுங்க போடறோம், காங்கோவுக்கும் நமக்கும் என்னங்க சம்மந்தம்?" என்ற பேச்சு ஒவ்வொரு பட்டறையிலும் எழும். நான்கு உலோகத்துக்கும் 'இல்லை' போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அது பொய்க்கணக்கு. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் கன்மெட்டல் இம்பெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்மெட்டல் என்பது செம்புக் கலவை. எல்டிபி2 தரத்தில் செம்பு 85 சதவீதம். வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் ஐந்தைந்து. இரண்டு கிலோ இம்பெல்லரில் 100 கிராம் வெள்ளீயம் இருக்கிறது. ஓர் எலெக்ட்ரானிக் போர்டில் பாகங்களை ஒட்டும் சால்டரில் (பற்றாசில்) இருப்பதைவிட அது பல மடங்கு. டங்ஸ்டனையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். லேத்தில் ஓடும் டங்ஸ்டன் கார்பைடு இன்சர்ட் வெட்டும் கருவி மட்டுமே. பொருளோடு போவதில்லை, கணக்கில் வராது. டிக் வெல்டிங் எலெக்ட்ரோடும் அதே வகை. ஆனால் பம்பின் தண்டுப் பக்கம் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் உரசும் முகம் டங்ஸ்டன் கார்பைடாக இருந்தால் அது பம்போடு சேர்ந்தே போகிறது. 'ஆம்' என்றுதான் போட வேண்டும். சிலிக்கன் கார்பைடு முகம் என்றால் வேண்டாம். சீல் வாங்கிய பில்லில் இது இருக்காது, சீல்காரரிடம் பார்ட் நம்பர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கண்ட்ரோல் போர்டு போடுகிற இடத்தில் நான்கில் மூன்றாவது இருக்கலாம். எஸ்ஏசி305 என்ற சால்டர் பேஸ்ட் அரைக்கிலோ டப்பாவில் ஏறக்குறைய 425 கிராம் வெள்ளீயம். போர்டில் பாகங்கள் உட்காரும் பேட்களில் 0.05 மைக்ரான் கனத்தில் தங்கம். மஞ்சளாகவோ கறுப்பாகவோ, பாசிட்டிவ் பக்கம் கோடு போட்டு உட்கார்ந்திருக்கும் கெப்பாசிட்டரில் டான்டலம். அளவு சின்னது என்பதற்காக விட முடியாது. இத்தனை கிராமுக்குக் கீழே இருந்தால் சொல்ல வேண்டாம் என்று சட்டத்தில் வரம்பே இல்லை.

படிவத்தின் முதல் எட்டுக் கேள்விகளைவிட முக்கியம், அடுத்த தாளில் இருக்கும் உருக்காலைப் பட்டியல். பெரும்பாலும் இங்கேதான் கோணலாகும். வெள்ளீயத்துக்கு உருக்காலை யாரென்று கேட்டால் சால்டர் கம்பெனியின் பெயரை எழுதிவிடுகிறார்கள். சால்டர் கம்பெனி கட்டியை வாங்கி உருக்கிக் கலப்பவர். தாதுவிலிருந்து உலோகம் எடுப்பவர் அல்ல. மலேசியா ஸ்மெல்ட்டிங், இந்தோனேசியாவின் பிடி திமா, பெருவின் மின்சுர், சீனாவின் யுன்னான் டின் போன்ற பெயர்கள்தான் அந்தக் கட்டத்துக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் சிஐடி என்று தொடங்கி ஆறு இலக்கம் கொண்ட அடையாள எண் உண்டு. எண் இல்லாத பெயரைக் கண்டால் அது வியாபாரியா ஆலையா என்று முதலில் பாருங்கள். இதற்கு நேர்மாறான கோளாறும் இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர் தன்னிடமுள்ள முந்நூறு ஆலைகளின் பெயரை அப்படியே அனுப்ப, நாமும் அப்படியே ஒட்டி மேலே அனுப்புவது. எந்த ஆலையின் வெள்ளீயம் நம் டப்பாவுக்குள் இருக்கிறதென்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 'கம்பெனி முழுமைக்கும்' என்று வந்த பதிலைத் திருப்பி அனுப்பி, நாம் வாங்கும் பார்ட் நம்பர்களுக்கு மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று தடவை போன் போட வேண்டியிருக்கும், கிடைக்கும்.

ஆலையை ஏன் இப்படித் துரத்த வேண்டும்? மண்ணிலிருந்து வரும் கனிமத்தைக் கடைசியாக இன்ன இடத்துச் சரக்கு என்று சொல்ல முடிகிற இடம் அது. உருகிக் கலந்த பிறகு எந்தச் சோதனைக்கூடமும் ஊரைச் சொல்லாது. ஆலைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதற்கு ருபாயா என்ற ஓர் ஊர் போதும். கிழக்கு காங்கோவில் வடக்கு கிவு மாகாணத்து மலைச்சரிவு. உலக டான்டலத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அந்த ஒரு வட்டாரத்துக் கோல்டான் என்ற தாதுவில் இருந்து வருவதாகக் கணக்கு. கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துத் தோண்டுகிறார்கள், ஓடுநீரில் அலசுகிறார்கள், கனமான தாது அடியில் தங்குகிறது, மூட்டை கட்டித் தோளில் இறக்குகிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் எம்23 ஆயுதக்குழு அந்த ஊரைப் பிடித்தது. தோண்டவும் வாங்கவும் கொண்டுபோகவும் தனித்தனியே வரி போட்டது. மாதம் 8 லட்சம் டாலர் அளவுக்கு வசூல் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. சரக்கு ருவாண்டாவுக்குள் போய் அந்நாட்டுச் சரக்கோடு கலக்கிறது என்றும் அதே குழு சொன்னது; ருவாண்டா மறுக்கிறது. 2025 ஜனவரியில் கோமா நகரமும் அந்தக் குழுவிடம் விழுந்தது. கோல்டானைச் சுமப்பவருக்குக் கிடைப்பது கூலி. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு கிலோவிலும் பங்கு. நம் போர்டில் நான்கு கெப்பாசிட்டர் குறைந்தால் அந்த வரி நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கே போகிறது நம் பணம் என்று கேட்கக்கூட மாட்டோம் என்பது நியாயமில்லை.

சுரங்கத்து மூட்டையில் குழியிலேயே ஒரு டேக், வியாபாரியின் கிடங்கில் இன்னொரு டேக் கட்டும் முறை நடப்பில் இருக்கிறது. டேக் கட்டுகிற இடத்துக்கு முன்னால் சரக்கு மாறினால் முறை தோற்றுவிடும்; வேறு குழியின் தாது நல்ல குழியின் டேக்கோடு வருவது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஒரு குழியால் தோண்ட முடிகிற அளவையும் அதன் பெயரில் ஏற்றுமதியாகும் எடையையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும். அந்த வேலை ஆலையின் தணிக்கையாளருடையது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து நாம் செய்யக்கூடியது, படிவம் அனுப்பும் அன்றைக்கு அந்த ஆலை தணிக்கையில் தேறிய பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது. போன வருஷத்துப் பட்டியலை நம்பாதீர்கள். ஆலைகள் வெளியே போவதும் உள்ளே வருவதும் வழக்கம்.

'காங்கோ சரக்கே வேண்டாம்' என்று எழுதி வாங்கிக்கொள்வது எளிதாகத் தெரியும். அதைச் செய்யாதீர்கள் என்பேன். 2010 செப்டம்பரில் காங்கோ அரசே கிழக்கு மாகாணங்களில் கைச்சுரங்கத்தைத் தடை செய்து 2011 மார்ச் வரை மூடியது. அமெரிக்கச் சட்டம் வந்த பயத்தில் வாங்குகிறவர்களும் விலகினார்கள். தோண்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு அடுப்பெரியவில்லை, கடத்தலோ நிற்கவில்லை. நூல் விலையும் மின்வெட்டும் தறியை நிறுத்தினால் ஒரு வீடு என்னவாகும் என்று பார்த்த ஊர் இது. படிவம் கேட்பதும் நாடு எது என்பதை மட்டுமல்ல, தணிக்கை நடந்ததா என்பதையும்.

டிசைனில் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. டான்டலம் கெப்பாசிட்டருக்குப் பதில் செராமிக் கெப்பாசிட்டர் வைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் போர்டு திரும்பி வரும். எல்எம்1117 போன்ற, வோல்டேஜைச் சீராக வைக்கும் பழைய ரெகுலேட்டருக்கு வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் 0.3 ஓமுக்குக் குறையாத உள்தடை வேண்டும். செராமிக்கில் அது சில மில்லி ஓம்தான், ரெகுலேட்டர் அலைபாயும். செராமிக்குக்கென்றே செய்த ரெகுலேட்டருக்குப் போங்கள், அல்லது வரிசையில் அரை ஓம் முதல் ஓர் ஓம் வரை ரெசிஸ்டர் வையுங்கள். இன்னொன்று, 10 மைக்ரோஃபாரட் என்று எழுதிய சின்ன செராமிக், முழு வோல்டேஜ் ஏறியதும் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். டேட்டாஷீட்டில் டிசி பயஸ் வரைபடத்தைப் பார்த்து இரட்டை வோல்டேஜில் எடுக்க வேண்டும்.

கன்மெட்டல் பவுண்டரிக்காரர்களுக்கு மறுசுழற்சிக் கேள்வி. பழைய புஷ், வால்வு, லேத்தில் சீவிய டர்னிங் எல்லாம் போட்டு உருக்கினால் 'முழுவதும் பழைய உலோகம்' என்று சொல்லலாம். ஆனால் தரம் கூட்ட இரண்டு கட்டி புது வெள்ளீயம் போட்டிருந்தால் சொல்லக் கூடாது. அந்தக் கட்டியின் ஆலைப் பெயர் வேண்டும். உலையில் போடும் சார்ஜை எழுதும் நோட்டில் பழையது எத்தனை கிலோ, புதுசு எத்தனை கிலோ என்று இரண்டு பத்தி போட்டுவிட்டால் மார்ச் மாதம் தேட வேண்டியதில்லை. போர்டுகளை உருகிய சால்டர் அலைமேல் ஓட்டும் வேவ் சால்டர் தொட்டியில் அள்ளும் கசடிலும் பெரும்பகுதி நல்ல உலோகம்தான். அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் பேர் ஊர் இல்லாத கட்டியாக மலிவு விலையில் சந்தைக்குத் திரும்பும். சால்டர் கம்பெனிக்கே எடை போட்டுத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதையும், வந்த பதில்களையும், ஆலைப் பட்டியல் பார்த்த தேதியையும் ஒரே கோப்பில் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும்.