அரக்குச் சுங்குடியும் ஐந்து ரூபாய்த் தபால்தலையும்

மதுரையில் இருந்துகொண்டு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை, தைக்கிறேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். வருடத்தில் பத்து மாதம் மொட்டை மாடியில் பாயை விரிக்கும் ஊர் இது. "இதைப் போர்த்திக்கிட்டு எங்க படுக்கிறது, ஊட்டியிலயா?" என்று வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார். பதில் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு தபால்தலையால். நான் ஆர்எம்எஸ்ஸில் (ரயில்வே மெயில் சர்வீஸ்) தபால் பிரிக்கும் சார்ட்டிங் அசிஸ்டென்டாக 35 வருடம் இருந்து, 2019-ல் ஓய்வு பெற்றவள். கூட வேலை பார்த்த ஒருவர் தபால்தலை சேர்ப்பவர். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஆல்பத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினார். அமெரிக்க அஞ்சல் துறை 2006-ல் வெளியிட்டவை, பத்து டிசைன், ஒவ்வொன்றும் 39 சென்ட். கோணல்மாணலாகக் கட்டங்கள், பட்டைகள். ஏதோ நவீன ஓவியம் என்று நினைத்தேன். பார்த்தால் அத்தனையும் போர்வை! அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சுற்றிக்கொண்ட இடம். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழியில் வந்த கறுப்பினப் பெண்கள், வயலில் போட்டுக் கிழிந்த ஜீன்ஸையும் சட்டையையும் வெட்டி, குளிருக்குத் தைத்தவை. 2002-ல் அவற்றை ஹூஸ்டனிலும் அப்புறம் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்களாம். கிழிசல் துணி தபால்தலை ஆகுமென்றால், என் பீரோவில் இருப்பது என்ன பாவம் செய்தது என்று தோன்றியது.

பீரோவில் இருந்தவை அம்மாவின் சுங்குடிச் சேலைகள், ஐந்து. அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை, நாப்தலின் உருண்டையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தேன். அதில் அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது ஒன்று. சின்னாளபட்டிச் சேலை. ஒவ்வொரு புள்ளிக்கும் துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாத இடம்தான் அந்தப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதை ஒரு பெண் உட்கார்ந்து போட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு கத்தரியை வைப்பது அவ்வளவு சுலபமில்லை. மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் மடித்து உள்ளே வைத்தேன்.

கடைசியில் ஜன்னலில் பிடித்துப் பார்த்ததுதான் உதவியது. பழைய பருத்திச் சேலையை வெட்டும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும், நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். கால் தட்டும் கீழ்க்கரை போயிருந்தது. முந்தானை சுத்தமாகப் போயிருந்தது, அம்மா கை துடைத்தே தீர்த்திருந்தாள். இடுப்பில் முதல் சுற்றாக உள்ளே போகும் பகுதி மட்டும் புதுசு மாதிரி இருந்தது. அந்த முந்தானையைப் பார்த்த பிறகு, சேலை முன்பே பாதி போய்விட்டது, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று தைரியம் வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். 5 அங்குலச் சதுரம் வெட்டினால் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய், மிஞ்சுவது 4½. குறுக்கே 12, நெடுக்கே 16, மொத்தம் 192 சதுரம். போர்வை 54-க்கு 72 அங்குலம் வரும், ஒற்றைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும். கேட்க எளிது. நான் முதல் வரிசையைத் தைத்து அளந்தபோது, இரண்டு ஓரத்திலும் தைக்காமல் இருக்கும் கால் அங்குலங்களையும் சேர்த்து 54½ வர வேண்டியது, 53 சொச்சம்தான் வந்தது. திரும்பத் திரும்ப அளந்தேன். புதுமண்டபத்தில் பல வருடம் மிஷின் போட்டிருந்த தையல்காரர் ஒருவரிடம் வரிசையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நூல் கூடுதலாப் பிடிக்கிறீங்கக்கா. பதினோரு தையலுக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒரு நூல் என்றால் அரைக்கால் (⅛) அங்குலம். பதினோரு அரைக்கால், கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம்! மிஷின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொடுத்து, துணியின் ஓரம் அதை உரசியபடி போகட்டும் என்றார். அன்றிலிருந்து தப்பவில்லை. வரும்போது ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணியும் கட்டிக்கொடுத்தார்.

அந்தச் சாக்குதான் என்னைக் கவிழ்த்தது. பழைய சேலை சாயம் விட வேண்டியதையெல்லாம் எப்போதோ விட்டு முடித்திருக்கும். புதுத் துணி அப்படியில்லை. சிவப்பு லைனிங் துண்டு ஒன்றை அலசாமல் அப்படியே சேர்த்துத் தைத்துவிட்டேன். முதல் துவையலில் பக்கத்திலிருந்த ஆறு வெள்ளைச் சதுரமும் ரோஸ் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் எந்தத் துணி வந்தாலும் முதலில் கல் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசி, தண்ணீர் தெளிவாக வந்த பிறகுதான் கத்தரி.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை. கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. வீட்டுக்காரரின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைத்தேன் (கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது). பஞ்சில்லாமல் போர்வையா என்று நினைப்பவர்களுக்கு: கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதியில் சித்திகள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததி. அந்தப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையிலும் பஞ்சு கிடையாது. ஓர் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்துக்கொண்டு போவார்கள். அளவுகோலும் இல்லை, கால் அங்குலமும் இல்லை. முடிந்ததும் நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு 'பூ' வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வைக்கு உடுப்பு இல்லாத மாதிரியாம். என் போர்வைக்கும் நான்கு மூலையில் பூ வைத்திருக்கிறேன். ஒன்று கொஞ்சம் கத்தரிக்காய் மாதிரி இருக்கும், கண்டுகொள்ளக் கூடாது.

மேலே சதுரங்கள், நடுவே வேட்டி, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்கையும் கூடத்துத் தரையில் விரித்து ஊக்கு குத்தி, கையால் நூலோட்டம் போட்டு முடிக்க நான்கு மாதம் ஆனது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், சீரியல் ஓடும்போது.

நான் பொங்கலுக்குச் செய்து அனுப்பும் வாழ்த்து அட்டையும் இதிலிருந்து வந்ததுதான். சதுரம் வெட்டினால் ஓரத்தில் ஒரு விரல், இரண்டு விரல் அகலத்தில் மிஞ்சும். போர்வைக்கு ஆகாது, குப்பையில் போட என்னால் ஆகாது. நானோ பொங்கல் வாழ்த்துகளோடு வாழ்ந்தவள். எண்பதுகளின் கடைசியில் டிசம்பர் பாதியிலிருந்து பொங்கல் வரை தபாலை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் சார்ட்டிங் கேஸ் முன்னால் நின்றால் கால் வீங்கிவிடும். ரஜினி, கமல், எம்ஜிஆர், கரும்பு, பானை, மாடு, லட்சுமி என்று சிவகாசி அச்சு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒட்டாத கவரில், குறைந்த கட்டணத்தில், புக் போஸ்டாகப் போட்டவை பாதி கவரை விட்டு வெளியே வந்துவிடும், எது எந்தக் கவர் என்று தேட வேண்டும். ஜிகினா கையிலும் சோற்றிலும் தலைமுடியிலும் இருக்கும். அப்போது திட்டினேன். பிறகு எஸ்எம்எஸ் வந்தது, வாட்ஸ்அப் வந்தது, மூட்டைகள் வரவில்லை. சும்மா நிற்பது அதைவிடக் கால் வலி.

என் அட்டையில் ஜிகினா கிடையாது, பொத்தானும் கிடையாது. இணையத்தில் பொத்தான், மணி, மரத்துண்டு எல்லாம் ஒட்டி அழகழகாகச் செய்கிறார்கள். கையில் கொடுப்பதற்கென்றால் செய்யலாம். தபாலில் போட்டால் அதன்மேல் சீல் விழும், நான் விழவைத்திருக்கிறேன், பொத்தான் தூள்தான். என் முறை இது: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஐவரி போர்டு என்ற தடித்த அட்டை, ஏ4 தாளில் பாதி. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் நடுவில் கோடு இழுத்து மடித்தால் முதுகு பிளக்காது. மடித்த அட்டை ஒன்பது கிராம் சொச்சம். கவர், துணி, பசை எல்லாம் சேர்த்தாலும் 20 கிராமைத் தாண்டாது, ஐந்து ரூபாய்த் தலையில் போய்விடும். வெள்ளைப் பசையை மெல்லிய துணியில் தடவினால் கறை தெரியும், அதனால் துணியைச் சுற்றி நூலால் நாலு தையல் போட்டுவிடுகிறேன்.

போன பொங்கலுக்கு 26 அட்டை அனுப்பினேன். எல்லாவற்றிலும் அம்மாவின் அரக்குச் சுங்குடியில் ஒரு துண்டு, ஒன்றிரண்டு புள்ளி தெரிகிற மாதிரி. 25 போய்ச் சேர்ந்துவிட்டன. தென்காசியில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் வரவில்லை. தபால்காரரைக் கேட்டாயா, பக்கத்து வீட்டில் கேட்டாயா என்று அவளைப் படுத்தி எடுத்தேன். தை முடியும்போது அவளிடமிருந்து போன்.

"ஏட்டி, நீ எப்ப கோழிக்கோடு போன? சொல்லவே இல்ல!"

கவரில் கோழிக்கோடு சீல் இருந்ததாம். பின்கோடைப் படிக்கச் சொன்னேன். 627 என்று தொடங்க வேண்டியதை 672 என்று எழுதியிருக்கிறேன். 67 என்றால் கேரளம். 35 வருடம் அடுத்தவர் எழுதிய பின்கோடைப் பார்த்து முகம் சுளித்தவள் நான். போனிலேயே ஐந்து நிமிடம் சிரித்தோம். அப்புறம் அட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இது அம்மாவோட அரக்குதானே?"

"ஆமாக்கா."

"அதையா வெட்டின? அது எனக்குன்னு அம்மா சொல்லிவச்ச சேலைல்லா!"

இப்போது இரண்டாவது போர்வை ஓடிக்கொண்டிருக்கிறது. 192-க்கு 70 வெட்டியாகிவிட்டது. அரக்கில் மிச்சமிருந்த நல்ல துணியெல்லாம் இதில்தான். சித்திரைக்குள் முடித்துத் தென்காசிக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், தபாலில் அனுப்ப வேண்டாமென்று அக்கா உத்தரவு.