பத்திரிகை அடிப்பவன் பேச்சா?

கொழிஞ்சாம்பாறையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என் தொழில். பிள்ளையார், சிலுவை, பிறை எது கேட்டாலும் முகப்பில் போடுவேன். போன மாதம் வந்த ஜோடி எதுவும் வேண்டாம் என்றார்கள். பையன் கிறிஸ்தவன், பெண் ஈழவர் சாதி இந்து வீடு, மதம் மாறாமல் மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு. என்னிடம் டிடிபி செய்யும் அண்ணன் தீவிர ஜெபக்காரர். "இதை நான் தொட மாட்டேன் தம்பி" என்றார். சரி, நானே உட்கார்ந்து அடித்தேன்.

அவர் சபையில் எழுந்து இதைப் பாவம் என்று சொல்லட்டும், அது அவர் உரிமை. கடை அப்படியில்லை. மதம், சாதி பார்த்து யாரையும் கடைக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15(2).

அமெரிக்காவில் ஓரினத் தம்பதிக்குக் கல்யாணக் கேக் செய்ய மறுத்த கொலராடோ கடைக்காரர் 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். மறுக்கலாம் என்று பொதுவாகத் தீர்ப்பு வரவில்லை. மாநில ஆணையம் அவர் மதத்தை இளக்காரமாகப் பேசியதுதான் காரணம். 2023-ல், ஓரினத் தம்பதிகளுக்குக் கல்யாண வெப்சைட் செய்ய விரும்பாத வடிவமைப்பாளர் வழக்கில்தான், அப்படி மறுப்பதைப் பேச்சுரிமை என்றே அதே நீதிமன்றம் சொன்னது. எனக்குச் சம்மதமில்லை. பத்திரிகை கல்யாண வீட்டார் பேச்சு, அடிப்பவன் பேச்சா? (அடியில் பொடி எழுத்தில் என் கடைப் பெயர் இருப்பது வேறு விஷயம்.)

அந்த ஜோடிக்கு அண்ணனின் பிரசங்கம் பெரிய கவலையில்லை. அந்தச் சட்டப்படி கல்யாணத்துக்கு முன் பதிவு அலுவலகப் பலகையில் 30 நாள் பெயர் தொங்குமே, அதைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்குத்தான் பயந்தார்கள்.