"புட் அப்" படிப்பித்த சேர்

இங்கிலிஷ் சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் வகுப்புப் பெடியள் வாட்ஸப்பில் ஒரே வசனத்தைத்தான் மாறிமாறி எழுதினார்கள்: "புட் ஹிம் அப்! புட் அப் ஹிம் இல்லை!" இந்தப் பள்ளிக்கூட மலருக்கு விளையாட்டுப் போட்டி பற்றித்தான் எழுதித்தரக் கேட்டிருந்தார்கள், ஆனால் எனக்கு அவரைப் பற்றித்தான் எழுத வருகிறது.

ஒரு பாடவேளை முழுக்க அந்த ஒரு சொல்லையே எடுத்தார். கையை உயர்த்தினாலும் புட் அப், அறிவித்தல் ஒட்டினாலும் புட் அப், வேலி அடைத்தாலும், கடைக்காரர் சீனி விலையைக் கூட்டினாலும், தேர்தலில் ஆள் நிறுத்தினாலும் அதேதான். வீட்டுக்கு வந்தவரைத் தங்கவைப்பதும் புட் அப். அதில் "ஹிம்", "தெம்" எல்லாம் நடுவில்தான் நிற்கும். பின்னால் ஒரு "வித்" ஒட்டிக்கொண்டால் கதையே வேறு, அது சகித்துக்கொள்வது. மூன்று சொல்லும் பிரியாது, "ஹிம்" கடைசிக்குப் போய்விடும். வெண்கட்டி கிடைக்காத காலம், நகத்தளவு துண்டால் அந்த "வித்"தைச் சுற்றி வட்டம் போட்டார். நுளம்பு, வெக்கை, பக்கத்து வீட்டுச் சத்தம், இவற்றுக்குத்தான் அது வரும். "ஐ புட் அப் வித் மை மதர்" என்று எழுதினால் அம்மா உனக்குக் கரைச்சல் என்று அர்த்தம், கவனம் என்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலம் தாண்டி நாங்கள் போய்ச் சேர்ந்தது சாவகச்சேரிப் பக்கம் இருந்த சேரின் வீட்டுக்கு. எங்களுக்கு முன்பே அங்கே சனம் நிறைந்திருந்தது. விறாந்தை முழுக்கப் பாய், ஒரே கிணறு, கக்கூசுக்கு விடியமுன்னமே வரிசை. அடுத்த சித்திரை வரை அத்தனை பேரையும் வைத்திருந்தார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பொழுதுபட்டால் எங்களைப் போத்தல் விளக்கைச் சுற்றி இருத்திப் பாடம் எடுப்பார். ஒருநாள் ஒரு பிள்ளை, நன்றியாகச் சொல்கிறேன் என்று நினைத்து, "சேர், யூ புட் அப் வித் அஸ்" என்றாள். "இல்லைப் பிள்ளை. ஐ புட் யூ அப். வித் வராது" என்றார்.

அவர் தந்த இங்கிலிஷை வைத்துத்தான் லண்டனில் வாடகைக்கு வீடு பேசினேன், வேலை எடுத்தேன், பிறகு சொந்தமாக ஒரு வீடும் வாங்கினேன். மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. சேரை வந்து நிற்கச் சொல்லிக் கேட்டபடியே இருந்தேன், முதலில் விசா கொடுக்கவில்லை, அப்புறம் முழங்கால் விடவில்லை. செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தேன். ஊரோடு நின்றிருந்தால் பாடையில் ஒரு தோள் கொடுத்திருப்பேன். அந்தக் குறை எனக்கு ஆறாது.

சேர் ரோனியோ அடித்துத் தந்த தாள்கள் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுக்கலாம். "புட்" தாள் என்னிடம் இருக்கிறது. "கெட்", "டேக்" இரண்டும்தான் வேண்டும்.