ஆங்கிலத்துக்குத் தடை போட்ட மேசை

சனிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஒட்டுக்கடையில் கூடுகிறோம். ஜப்பான், கொரியா, ஏமனிலிருந்து இங்கே படிக்க வந்தவர்கள் சிலர், உள்ளூர்க்காரர்கள் சிலர். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மலாய் பேசிப் பழக வேண்டும், ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கு மட்டும் தமிழும் வேண்டுமாம். எனக்கு ஜப்பானியம்.

இந்த மாதிரிச் சந்திப்புகளைக் கெடுப்பது ஆங்கிலம்தான். ஒருவர் கொஞ்சம் திணறினால் போதும், பாவம் என்று இன்னொருவர் ஆங்கிலத்தில் உதவப் போக, மேசை முழுக்க அதிலேயே ஓட ஆரம்பித்துவிடும். அதுவும் நாம் மலேசியத் தமிழர்கள், ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலந்து பேசிவிட்டு எதிரில் இருப்பவர் முழிப்பதைக்கூடக் கவனிக்க மாட்டோம். அதனால் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்கிறோம்: அரை மணி மலாய், அரை மணி அவர்கள் மொழி. பிழையை அப்போதே திருத்துவதில்லை, குறித்து வைத்துக் கடைசியில் சொல்கிறோம். நடுவில் திருத்தினால் ஆள் வாயை மூடிக்கொள்கிறார்.

புதிதாக வருபவருக்கு முதல் பாடம் தண்ணி ஆர்டர் செய்வது. 'தே' என்றால் மலாயில் டீ. வெறும் 'தே' என்றால் இனிப்பான டின் பால் ஊற்றி வரும், 'தே ஓ' என்றால் பால் கிடையாது, 'தே சி' என்றால் இனிப்பில்லாத டின் பால், பின்னால் 'கோசோங்' சேர்த்தால் சீனி இல்லை, 'குராங் மானிஸ்' என்றால் சீனி குறைவு. மாமாக் அண்ணன், அதாவது இந்திய முஸ்லிம் கடைக்காரர், காத்துக்கொண்டு நிற்க மாட்டார், வேகமாகச் சொல்லியாக வேண்டும். வகுப்பறையில் நிதானமாக இலக்கண சுத்தமான மலாய் படித்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன். "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" வகைக் கேள்வி பதிலெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

ஜப்பானியம் தமிழருக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. வினை கடைசியில் வரும், நம் வேற்றுமை உருபு போலச் சின்னச் சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'நான் கடைக்குப் போகிறேன்' என்பதை அதே வரிசையில் சொல்லலாம். சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகள்தான் உயிரை வாங்குகின்றன.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த ஜப்பானியப் பெண் அம்மாவிடம் தமிழில்தான் பேசுவேன் என்கிறாள். அம்மாவோ வெளிநாட்டு முகத்தைப் பார்த்தாலே மலாய்க்கு மாறிவிடுவார், இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.