சித்தப்பா காலும் ஆட்டுக்கால் சூப்பும்

எலும்பு ஒட்டவில்லை என்றால் எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி, "என்ன சாப்பிடக் குடுக்கிறீக?" என்பதுதான். சின்னம்மாவும் சலிக்காமல் ஆட்டுக்கால் சூப் வைக்கிறார். பிரண்டைத் துவையல் வேறு. வைக்கட்டும், தப்பில்லை. ஆனால் சித்தப்பா காலில் சிக்கல் சத்தில் இல்லை.

அவர் பழைய வீடு பிரிக்கிற வேலை பார்ப்பவர். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பர்மா தேக்குத் தூணை இறக்கும்போது கயிறு நழுவி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. காயத்துக்குள் காரைத் தூசி. மதுரையில் கழுவி, உள்ளே ராடு வைத்தார்கள். அப்புறம் சீழ்.

அந்தச் சீழ், நான் வேலை பார்க்கும் காரைக்குடி லேபுக்கே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வந்தது. மறுநாள், ரத்தம் கலந்த பிளட் அகார் தட்டில் வெளிர்மஞ்சள் காலனிகள், கிருமி பெருகிய புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த வளையம். அகார் ஒட்டாமல் ஒரு காலனியின் தலையை மட்டும் கிள்ளி ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்ததும் நுரைத்தது. பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் கோயாகுலேஸ் சோதனையும் பாசிட்டிவ். சீழ் வைக்கும் பாக்டீரியா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான்.

மருந்தில் சீழ் நின்றது. எக்ஸ்ரேயில் முறிவு மட்டும் அப்படியே.

"கால்சியம் மாத்திரைய ரெண்டாப் போட்டா ஒட்டாதாத்தா?" என்கிறார் சித்தப்பா.

கால்சியத்தை வாங்கி எலும்பாக்க ஆள் வேண்டுமே. எலும்பைப் போர்த்திய சவ்விலும் மஜ்ஜையிலும் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு செல்லாக மாறக்கூடிய மூலச் செல்கள்தான் முறிந்த இடத்துக்கு வந்து, முதலில் குருத்தெலும்பாகவும் பிறகு எலும்பு கட்டும் செல்களாகவும் மாறுகின்றன. அவற்றைக் கூப்பிடுவதே முறிந்தவுடன் வரும் வீக்கம், அதாவது அழற்சிதான். டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்கள் அப்போது சில நாள் ஏறி, இறங்கிவிட வேண்டும். கிருமி இருந்தால் இறங்குவதில்லை. இறங்காத அழற்சியில் ஸ்டெம் செல்லை எலும்பு பக்கம் திருப்பும் ரன்எக்ஸ்2 என்ற புரதம் அமுங்கிப்போகிறது. செல் உயிரோடு இருக்கும், எலும்பு கட்டாது. கிருமியை எதிர்க்கும் புரதம் சுரப்பதிலும், வெள்ளையணுக்களை அழைப்பதிலுமே அதன் பொழுது போய்விடும். கிருமியின் நச்சில் கொஞ்சம் செத்தும் போகும். போதாததற்கு, எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டும் ராங்க்எல் கூடிவிடுகிறது. கட்டுவது நின்று, இடிப்பது நடக்கிறது.

சீழ் நின்றால் கிருமி போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. ஊருணிப் படியில் வழுக்குமே, அந்தப் பாசி மாதிரி ராடின் மேல் ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருந்து எளிதில் உள்ளே போகாது. எலும்பின் நுண்ணிய கால்வாய்களுக்குள்ளும் நெளிந்து புகுந்துவிடும்.

அதனால்தான் டாக்டர் ராடை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, அந்த இடைவெளியில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் வைத்து, வெளியிலிருந்து கம்பி வளையம் மாட்டியிருக்கிறார். சின்னம்மாவுக்கு "எலும்புக்குள்ள சிமென்ட்டா!" என்று ஒரே அதிர்ச்சி. அது தற்காலிகம்தான். அதைச் சுற்றி ரத்தக் குழாய் நிறைந்த ஒரு சவ்வு உருவாகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, சவ்வு கிழியாமல் சிமென்ட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்பை, அதாவது புது ஸ்டெம் செல்களையும் சேர்த்து, உள்ளே நிரப்புவார்கள். பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கலே 1980களில் கொண்டுவந்த முறை.

இப்போதைக்கு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கிக்கொண்டு வருகிறது. சித்தப்பா பீடியை விட்டபாடில்லை. அந்தச் செல்களுக்கு அதுவும் ஆகாது. சூப்பைவிட அதற்குத்தான் சின்னம்மா சண்டை போட வேண்டும்.